கருப்பருக்கு வைத்த பால்

என் ராசாவுக்கு, உன்னைப் பெற்றவள் எழுதுவது.

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். இதை எழுதும் எனக்கு இன்னும் பதினெட்டு வயது ஆகவில்லை. என்னைவிட மூத்த ஒரு ஆம்பிளைக்குப் புத்தி சொல்வதுபோல் எழுதுகிறேனே என்று சிரிப்பாகக்கூட வருகிறது. நீ இப்போது நம் ஒற்றையறைக் காம்பரா வாசலில், சாக்கின்மேல், மொட்டைத் தலையோடு உட்கார்ந்து ஒரு அகப்பையைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். பெற்றவர்கள் தலை நரைத்த பிறகுதான் பிள்ளைகளுக்கு இப்படிக் கடிதம் எழுதுவார்கள். நான் அதுவரை பொறுத்திருந்தால், நடந்ததை என் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. வெட்கம் ஆறாமல் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். இதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவும் மாட்டேன். வரிசையாய்க் காம்பராக்கள் உள்ள இந்த லயத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த யாரும் எடுத்துப் படிக்கலாம். நாலு பேர் நடுவில் சொல்லக்கூடாததைச் சொன்னவளுக்கு, தன் வெட்கத்தை மட்டும் மறைத்துவைக்க என்ன நியாயம் இருக்கிறது?

என் பழக்கத்திலிருந்து தொடங்குகிறேன். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பெண்பிள்ளைகள் கல் பொறுக்கி விளையாடுவார்கள், ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்ப்பார்கள். நான் உறவு விசாரித்துக்கொண்டு அலைவேன். யார் யாருடைய மகள், எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள், எந்தக் கங்காணியின் ஆளாக மலை ஏறினார்கள், வழியில் யாரைப் பறிகொடுத்தார்கள் என்று கேட்பதில் எனக்கு ஒரு ருசி. உனக்கு அது விசித்திரமாகத் தோன்றலாம். நான் பெரிய கூச்சக்காரி. நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று ஒன்றைக் கேட்டுவிட்டால் போதும், பிறகு நான் வாய் திறக்கவே வேண்டியதில்லை. அவர்கள் பேசிக்கொண்டே போவார்கள், என்னை மறந்துவிடுவார்கள். ஆகவே அதை அறிவு என்று நினைத்துவிடாதே. ஒளிந்துகொள்ள எனக்குக் கிடைத்த இடம் அது.

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் என்னைத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிற பிள்ளைக்குச் சிலேட்டு எதற்கு என்று என் அப்பா கேட்டார். அதனால் கேட்டதையெல்லாம் காம்பராவின் உள்சுவரில் கரிக்கட்டையால் எழுதிவைத்தேன். ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி, பக்கத்தில் பேர், புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு. அம்மா திட்டுவாள், பிறகு அவளே வந்து, "அந்தச் செவனம்மா எனக்கு எந்த வழியில சித்தி ஆகணும்? பாத்துச் சொல்லு" என்பாள். சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது. எல்ல என்ற ஊர்ப்பக்கத்துத் தோட்டத்திலிருந்து உன் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்ததும், நான் செய்த முதல் வேலை இந்தக் காம்பராவின் சுவரிலும் கரிக்கோடு போட்டதுதான். கதவு நிலையை ஒட்டி உன் அப்பாவின் பேரை எழுதினேன். அவர்தான் தலைச்சன் பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், உனக்கு எழுதும்போதும் அப்படியே எழுதுகிறேன். மாமா, அதாவது உன் அப்பாவின் தகப்பனார், கருப்பர் கல்லுக்குப் பூசை வைப்பவர். அந்தக் கல்லை நீ அறிவாய். ஐந்தாம் நம்பர் மலைக்குப் போகும் பாதையில், மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கு மேலே, சிவந்த மண் மேட்டில் நிற்கிறது. அது வெறும் கல் இல்லை. மாமாவின் ஊரில் குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்து, கடலும் மலையும் தாண்டிக் கொண்டுவந்து, அதை அடியில் போட்டு, மேலே கல்லை நட்டார்கள். அவரோடு வந்த ஆட்களும் அவர் ஊர்ப்பக்கத்தவர்களே. அதனால் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தக் கல்லின் முன்னால்தான் முதல் முடி எடுத்தார்கள். குலசாமி மண் இல்லாத இடத்தில் பிள்ளையின் முடியை எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? "எங்க சாமி எங்களோட நடந்தே வந்தாரு" என்று மாமா சொல்லும்போது அவருடைய கழுத்து நிமிரும்.

கருப்பருக்குச் சுருட்டும் சாராயமும் வைப்பது எங்கும் உள்ள வழக்கம். இங்கே மட்டும் ஒரு ஓரத்தில் சிரட்டையில் கொஞ்சம் பால் இருக்கும். அத்தைதான் வைப்பார். கல்யாணமான புதிதில் நான் கேட்டேன்.

"ஏன் அத்த, கருப்பருக்குப் பாலு?"

"எங்க ஊரு வழக்கம்."

"மாமா ஊரா, உங்க ஊரா?"

அத்தை என்னை ஒருமுறை பார்த்தார். "எல்லாத்தையும் நோண்டாத புள்ள. கொழுந்து எடுக்கிற கைக்கு அது ஆகாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த வார்த்தையோடு நான் நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் நான் அவர்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்தேன். யாருக்கும் அப்படி ஒரு வழக்கம் தெரியவில்லை. சுவரில் ஒரு கோடு எதிலும் சேராமல் தொங்கினால் எனக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

உனக்கு முடி எடுக்க நாள் குறித்தார்கள். அதற்குத் துணியும் கற்பூரமும் வாங்க, முந்தின வாரம் நானும் உன் அப்பாவும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஹல்துமுல்லைக் கடைத்தெருவுக்கு இறங்கினோம். உன் அப்பா கற்பூரம் வாங்க எதிர்க் கடைக்குப் போனார். நான் துணிக்கடையில் நின்றேன். கடைக்கார நானா நரை விழத் தொடங்கிய தாடி வைத்த முஸ்லிம்காரர், அந்தக் கடையிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்புத்தளைக்கு ரயில் வராத காலத்தில், இரத்தினபுரிப் பாதையில் நடந்து வந்த ஆட்கள் எல்லாரும் அந்தத் தெருவைத் தாண்டித்தான் மலை ஏறினார்கள். எனக்கு நாக்கு அரித்தது. எங்கள் மாமாவின் பேரையும், அவரை அழைத்துவந்த கங்காணியின் பேரையும் சொல்லி, பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"அந்தக் கங்காணியட ஆளுகளா? மறக்க ஏலுமா மகள்!" என்றார் நானா. "நான் அப்ப சின்னப் பொடியன். ஒரே மழை. எங்கட வாப்பா கடை வாசல்லதான் எல்லாரையும் ஒதுங்கச் சொன்னார். அதில நீ பேர் சொன்ன ஆள்ட பொஞ்சாதி, சின்ன வயசு, கையில பச்சப் புள்ள. ஆறு கடக்கக்குள்ள அவட மூட்டை தண்ணியோட போயிட்டாம். புள்ளைக்குக் காய்ச்சல். எங்கட உம்மா கசாயமெல்லாம் வச்சுக் குடுத்தாங்க. புள்ள தங்கல்ல. புருசன்காரன்தான் கடைக்குப் பின்னால, அந்தக் கித்துள் மரத்தடியில குழி வெட்டினான். பொம்புளப் புள்ள."

"அப்புறம்?"

"வெளிக்கிடுற நேரம் அந்தப் பொம்புள மட்டும் திரும்பி ஓடிப்போய், அந்த மண்ணில ஒரு பிடி அள்ளி முந்தானையில முடிஞ்சிக்கிட்டா. உம்மா அழுதுட்டாங்க. அவ நல்லாயிருக்காவா மகள்?"

நல்லாயிருக்காங்க என்று சொன்னேன். என் நெஞ்சு படபடவென்று அடித்தது. அது துக்கமா என்று நீ கேட்டால், உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அது சந்தோஷம். மூட்டையோடு சாமி மண் போய்விட்டது, முந்தானையில் இருந்தது வேறு மண், கல்லுக்கு அடியில் இருப்பது அந்த மண், அதனால்தான் பால். தொங்கிய கோடு சேர்ந்துவிட்டது. திரும்பி ஏறும்போது உன் அப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவரிடம் சொல்லியிருந்தால் அங்கேயே என் வாயை அடைத்திருப்பார். அவருக்குத் தனக்கு ஒரு அக்கா இருந்தது தெரியாது. கூட வந்த பெரியவர்கள் யாரும் அதை வாயில் எடுத்ததே இல்லை. சொல்லாமல் அந்த வாரம் முழுவதும் வைத்திருந்து ருசித்தேன்.

முடி எடுப்பதற்கு முந்தின நாள், சனிக்கிழமை பிற்பகல், லயத்துப் பெண்கள் எல்லாரும் எங்கள் வாசலில் மாவிடிக்கக் கூடினார்கள். அத்தை உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தார். மாமா கொஞ்சம் தள்ளி விறகு பிளந்துகொண்டிருந்தார். பக்கத்துக் காம்பரா பார்வதியக்கா இருக்கும் இடத்தில் சிரிப்புக்குக் குறைவிருக்காது.

"ஏ ஊமச்சி, ஒம்மவனுக்கு மொட்ட போட்டா ஒன்ன மாதிரியே இருப்பான், பாத்துக்க" என்றார்.

"நான் என்னா மொட்டையாக்கா?"

"ஆத்தாடி, வாயத் தொறந்துட்டா! துணியெல்லாம் எடுத்து உள்ள போடுங்கடி, மழ வரப்போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். அது கேலிதான், ஆனால் அன்பான கேலி. எல்லாக் கண்ணும் என்மேல் இருந்தது. என் ஆயுளில் முதல் தடவையாக எனக்கு நாக்கு ஒட்டவில்லை. "எனக்கு ஒன்னு தெரியுமே" என்றேன். கருப்பருக்கு ஏன் பால் வைக்கிறார்கள் என்று தெரியுமா என்று கேட்டேன். உலக்கை நின்றது. நான் சொன்னேன். மழையையும் மூட்டையையும் கித்துள் மரத்தையும், நானா சொன்னதைவிட அழகாகவே சொன்னேன். ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் உற்சாகம் வந்தது. அத்தை கேட்டால் நெஞ்சு குளிர்வார் என்றுகூட நினைத்திருந்தேன். முந்தானையில் முடிந்த மண்தான் கல்லுக்கு அடியில் இருக்கிறது என்று முடித்துவிட்டுத்தான் அத்தையைப் பார்த்தேன். சலித்துக்கொண்டிருந்த கை சல்லடையின்மேல் அப்படியே கிடந்தது. கோடரிச் சத்தமும் நின்றுவிட்டிருந்தது.

முதலில் பேசியது பார்வதியக்கா. சிரிப்பெல்லாம் போய்விட்டது. "அப்ப எம்புள்ளைக்கு முடி எடுத்தது பொணக்குழி மண்ணுலயா?"

"எம்மூத்தது நிக்காமப் போச்சே, அது இதனாலயா?" என்று இன்னொருத்தி கேட்டாள். அவரவர் உலக்கையை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். இடித்த மாவு உரலிலேயே கிடந்தது.

மாமா கோடரியோடு வந்து நின்றார். "என்னா சொல்லுது அந்தப் புள்ள?" என்று அத்தையைக் கேட்டார். அவர் குழி வெட்டியவர், பிள்ளையைப் புதைத்தவர். மண் மாறியது மட்டும் அவருக்குத் தெரியாது. அதை நான் யோசிக்கவே இல்லை. எல்லார் கதையையும் கேட்டேனே, எந்தக் கதை யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"ஆமா" என்றார் அத்தை.

"எங்கிட்ட சாமி மண்ணு பத்திரமா இருக்குன்னு சொன்னியே."

"மூட்ட போனதும், சாமி நம்மள விட்டுட்டாரு, திரும்பிருவோம்னு நீங்க நடுரோட்டுல ஒக்காந்துட்டீங்க. திரும்பறதுக்கு எங்க எடம் இருந்துச்சு? மண்ணு முந்தானையிலதான் இருக்குன்னு சொன்னேன். எந்திரிச்சு நடந்தீங்க."

மாமா கோடரியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அத்தை உரலில் கிடந்த மாவைத் தானே இடித்து முடித்தார். நான் உலக்கையைத் தொடப்போனேன். "பிள்ளையப் போய்ப் பாரு" என்றார். அவ்வளவுதான். என்னை ஒரு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். உன் அப்பா என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எங்கிட்டயாச்சும் மொதல்ல சொல்லியிருக்கக்கூடாதா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் தாய்மாமன், என் அண்ணன், எல்லயிலிருந்து நடந்து வந்து சேர்ந்தான். உன்னை மடியில் வைத்து முடி இறக்குவது அவன் உரிமை. "என்னா இது, முடியெடுப்பா, எழவு வீடா? மாப்புளைக்குச் சீர் கொண்டாந்திருக்கேன், வாங்கன்னு சொல்ல ஒரு நாதி இல்ல!" என்று சிரித்துக்கொண்டே வந்தவன், என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டான். நாவிதரும் வந்துவிட்டார். லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. கல் இருக்கும் மேட்டுக்கு நாங்கள் மட்டும் போனோம். மாமா வருவாரா என்று யாரும் கேட்கவில்லை. அவர் வராவிட்டால் அந்தக் கல்லுக்கு இனிப் பூசை இல்லை. அத்தை இத்தனை வருடம் சுமந்தது எல்லார் முன்னாலும் வெறும் பொய்யாகிவிடும். உன் முடியும் இறங்காது. என் வாயால் வந்த வினை எதுவரை போகும் என்று எண்ணிக்கொண்டு உன்னை இறுக்கிப் பிடித்திருந்தேன். நீ என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

அத்தை கையில் சிரட்டை இல்லை. பால் இல்லாமல்தான் வந்திருந்தார். அதை நான் கவனித்தேன், கவனித்ததற்காக என்னையே வெறுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா கீழிருந்து ஏறி வந்தார். குளித்து, திருநீறு பூசியிருந்தார். கல்லைத் துடைத்துப் பூ வைத்தார். மடியிலிருந்து சுருட்டை எடுத்தார். கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு அதைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டார்.

"பாலு எங்க?" என்றார்.

அத்தை கேட்காததுபோல் நின்றார்.

"புள்ளைக்குப் பாலு எங்கன்னு கேக்குறேன்."

அத்தை கீழே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பால் வரும்வரை நாங்கள் எல்லாரும், கத்தியைத் தீட்டி முடித்த நாவிதரும்கூட, அப்படியே காத்துக்கொண்டு நின்றோம். மாமாவே சிரட்டையை வாங்கி நடுவில், கல்லுக்கு நேராக வைத்தார். பிறகுதான் உன் முடி இறங்கியது. நீ மலை அதிர அழுதாய்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மற்றக் குடும்பங்கள் தோட்டத்தின் கடைக்கோடியான தொங்கலில், கீழே ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்களுக்கென்று வேறு கல் நட்டுக்கொண்டார்கள். ஊருக்குப் போகிற ஆளிடம் சொல்லி வேறு மண் வரவழைக்கப் போகிறார்களாம். பார்வதியக்கா கொழுந்து நிறுக்கும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்பதில்லை. "ஊமச்சி" என்று யாரும் கேலி செய்வதில்லை. அந்தக் கேலி இவ்வளவு இனிப்பாக இருந்தது என்று எனக்கு முன்னமே தெரியாமல் போயிற்று. சேர்ந்து கடல் தாண்டி வந்த ஆட்கள் இரண்டாகப் பிரிந்தது என்னால். நீ வளர்ந்து, அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏன் நம் பூசைக்கு வருவதில்லை என்று கேட்டால், வேறு யார்மேலும் பழி போடாதே. உன் அம்மாவால் என்று சொல்.

முடி எடுத்த மறுநாள், அத்தை உள்ளே வந்து என் சுவருக்கு முன்னால் நின்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு, "இது யாரு?" என்றார். உன் அப்பா என்றேன்.

"இதுக்கு முன்னால எம்பொண்ண எங்க வச்சிருக்க?"

நான் பார்த்தேன். உன் அப்பாவின் புள்ளிக்கு முன்னால் இடமே இல்லை, கதவு நிலை வந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன் அத்தை என்றேன். "அது பேரு என்னாங்க அத்த?" என்று கேட்டேன்.

"பேரு வைக்கல. மலையில போய்ச் சேந்து வச்சிக்கலாம்னு இருந்தோம்" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார்.

மகனே, நீயும் என்னைப்போல் கேட்கிறவனாகத்தான் வருவாய் என்று தோன்றுகிறது. இப்போதே எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறாய். கேள், நான் தடுக்கவில்லை. நம் ஆட்கள் எங்கிருந்து வந்தோம் என்று கேட்க நமக்கு நாம்தான் இருக்கிறோம். ஆனால் ஒன்று தெரியவந்தால், அது யார் இத்தனை நாள் மடியில் கட்டிக் காத்தது என்று முதலில் பார். அந்த ஆளிடம் போ, தனியாகப் போ. அவர்கள் சொன்னால் கேள், சொல்லாவிட்டால் எழுந்து வா. உனக்கு அது ஒரு புள்ளி. அவர்களுக்கு அது பிள்ளை.

சுவரைச் சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டேன். இன்னும் எழுதத் தொடங்கவில்லை. கதவு நிலையிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் உன் அப்பாவை எழுதவேண்டும். அந்த இடத்தில் பேர் இல்லாத ஒரு புள்ளியை வைக்க, அத்தையிடம் எப்படி உத்தரவு கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ இதைப் படிக்கும்போது அந்தச் சுவரைப் போய்ப் பார். புள்ளி இருந்தால் நான் கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். அந்த இடம் வெறுமையாக இருந்தால், உன் அம்மாவுக்குக் கடைசிவரை அந்தத் தைரியம் வரவில்லை என்று தெரிந்துகொள். அப்போதும் அதில் வேறு யார் பேரையும் எழுதிவிடாதே.